காற்றைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

சென்னைக் கத்திரி வெயிலுக்குத் தப்பி, மே மாதம் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. போய் இறங்கும்போது அங்கே குளிர்காலம் வாசலில் நிற்கிறது. பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்று, அடுத்த முறை யோசித்து ஜனவரியில் போகிறார்கள். நல்ல கோடை. காலையில் கடற்கரைக்குக் கிளம்பும்போது 30 டிகிரி, மதியம் 39, மாலை ஆறு மணிக்கு ஸ்வெட்டர் தேடுகிறார்கள். இது எந்தப் பருவத்துக் கணக்கு?

மழையிலும் ஒரு புதிர் உண்டு. மெல்போர்ன் என்றாலே குடை, மழை, மூட்டம் என்பார்கள். சிட்னி என்றால் வெயில், நீலக்கடல். மழைமானியைப் பார்த்தால் சிட்னியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. மெல்போர்னில் சுமார் 650. ஏறத்தாழ பாதி!

"எந்த மாசம் வந்தா தோதா இருக்கும்?" என்று அம்மாவோ மாமனாரோ போனில் கேட்கும்போது, இந்த இரண்டு புதிர்களையும் அவிழ்க்காமல் சரியான பதில் சொல்ல முடியாது.

தலைகீழ் மட்டும் போதாது

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. சிட்னி தெற்கே 34 டிகிரி, மெல்போர்ன் 38 டிகிரி. இந்த இரண்டு ஊர்களிலும் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால் பகலின் நீளமே பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறுகிறது. டிசம்பர் இறுதியில் மெல்போர்னில் பகல் பதினான்கே முக்கால் மணி நேரம். இரவு எட்டரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். ஜூனில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்புவதற்குள் இருட்டிப்போகும் வீட்டில், தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் குளிரைவிட இதுவே பெரிய பாரம்.

ஆஸ்திரேலியர்கள் பருவங்களை மாதத்தின் முதல் தேதியில் தொடங்குகிறார்கள். டிசம்பர் 1 கோடை, மார்ச் 1 இலையுதிர்காலம், ஜூன் 1 குளிர்காலம், செப்டம்பர் 1 வசந்தம். சிட்னியில் ஜனவரி மாதத்துச் சராசரி உச்ச வெப்பம் சுமார் 26 டிகிரி. ஜூலையில் சுமார் 17. மெல்போர்னில் ஜனவரிக்கு அதே 26, ஜூலைக்கு 14. ஜூலை விடியற்காலையில் ஆறேழு டிகிரி.

ஜனவரிச் சராசரி இரண்டு ஊருக்கும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்தில் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. சிட்னிக் கடலோரத்தின் 26 என்பது 25, 26, 27 என்று பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும் நாள்களின் சராசரி. மெல்போர்னின் 26 என்பது 20, 21, 38, 22, 29 என்று தாவும் நாள்களின் சராசரி. அந்தச் சராசரியைத் தொடும் நாள் ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது.

ஒரு ஜனவரி நாள், மணி மணியாக

மெல்போர்ன் ஏன் தாவுகிறது என்பதற்கு ஒரே ஒரு மாதிரி நாளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வரைபடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். மெல்போர்னுக்கு வடக்கே ஒரு கண்டமே நிலமாக விரிந்துகிடக்கிறது. மலை இருக்கிறது, இமயம்போல் காற்றை மறிக்கும் உயரமில்லை. அதற்கப்பால் சமவெளி, அதற்கும் அப்பால் பாலைவனம். ஜனவரியில் அந்த உள்நாடு அடுப்பாகக் காய்கிறது. தெற்கே பாஸ் நீரிணை, டாஸ்மேனியா, பிறகு அண்டார்டிகா வரை வெறும் தென்பெருங்கடல். அந்த நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். ஒரு பக்கம் பாலை, ஒரு பக்கம் பனிக்கடல், நடுவில் மெல்போர்ன். எந்தப் பக்கத்துக் காற்று வருகிறதோ அந்தப் பக்கத்து வெப்பம் ஊருக்கு வந்துவிடுகிறது.

நம் ஊரில் வாடை என்றால் குளிர், தென்றல் என்றால் இதம். அங்கே வடகாற்று அனல். தென்காற்று உடம்பை நடுக்கும்.

காற்றின் திசையைத் தீர்மானிப்பது உயரழுத்த மண்டலம். காற்று மெல்லக் கீழிறங்கி அழுந்தி, மேகமில்லாமல் வானம் தெளிந்திருக்கும் பெரும் பரப்பை அப்படிச் சொல்கிறார்கள். தென்பாதியில் இதைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். இந்த மண்டலங்கள் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக நகர்ந்து போகின்றன. ஒன்று மெல்போர்னைத் தாண்டி, நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட டாஸ்மன் கடலில் போய் உட்கார்ந்தால், அதன் மேற்கு விளிம்பு மெல்போர்ன் மேல் படும். மேற்கு விளிம்பில் காற்று வடக்கிலிருந்து தெற்கே பாயும். பாலைவனக் காற்றுக்கு வழி திறந்தாயிற்று.

காலை ஒன்பது மணி: 29 டிகிரி. வடகாற்று எழுகிறது. ஈரமே இல்லாத காற்று. கொடியில் போட்ட வேட்டி பத்து நிமிடத்தில் காய்கிறது, உதடு வெடிக்கிறது. வியர்வை தெரியாது. தோலுக்கு வந்த நொடியே அது ஆவியாகிவிடுவதால், 'சென்னைபோல் இல்லையே' என்று பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். நீரிழப்பு அப்படித்தான் தொடங்குகிறது.

பகல் ஒரு மணி: 38. இதற்குள் மேற்கே சுமார் 260 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாரனம்பூல் கடற்கரை ஊரில் வெப்பம் இறங்கிவிட்டது என்று வானொலி சொல்கிறது. அங்கே தென்பெருங்கடலின் குளிர்காற்று கரையேறிவிட்டது. அதன் முன் எல்லைக்குக் குளிர்முகப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். குளிர்காற்று கனமானது. ஏ.சி. அறைக் கதவைத் திறந்தால் குளிர் முதலில் கால்பக்கமாக ஊர்ந்து வருவதுபோல, அது தரையோடு தரையாக ஆப்பு அடித்து, சூடான காற்றை மேலே தூக்கிவிட்டு முன்னேறும். இரண்டும் கலப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் எல்லை கூர்மையாகவே இருக்கிறது.

மூன்றரை மணி: மெல்போர்னில் 40. இடையில் இருக்கும் ஜீலாங் நகரத்தை முகப்பு கடந்துவிட்டது. வீடுகளில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'கூல் சேஞ்ச் எப்போ?', அதாவது குளிர்முகப்பு எப்போது வரும் என்பதுதான் அன்றைய ஒரே பேச்சு.

ஐந்து மணி: காற்று ஒரு கணம் ஓய்கிறது. மரக்கிளைகள் திரும்பி மறுபக்கம் சாய்கின்றன. தென்மேற்கிலிருந்து வேகமாகக் குளிர்காற்று. அரை மணியில் 24 டிகிரி. மாலையில் லேசான தூறல்கூட விழலாம். இதுதான் 'ஒரே நாளில் நான்கு பருவம்' என்று மெல்போர்ன்காரர்கள் சொல்வது.

சென்னையிலும் மே மாதத்தில் பகல் இரண்டு மணிவாக்கில் கடற்காற்று வந்து சூட்டைத் தணிக்கிறது. ஆனால் வங்கக்கடலே அப்போது 30 டிகிரியை ஒட்டி இருக்கும். 41 டிகிரி 35 ஆகும். அதற்குக் கீழே இறக்க அந்தக் காற்றிடம் குளிர்ச்சி இல்லை. மெல்போர்னுக்கு வரும் கடற்காற்றின் பின்னால் இருப்பது பனிக்கண்டம் வரை நீளும் கடல்.

2009 பிப்ரவரி 7

மேலே சொன்ன அதே இயக்கம் ஒருநாள் பேரழிவானது. 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்போர்னில் 46.4 டிகிரி பதிவானது. அந்நகர வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ அந்த அளவு வெப்பம் பதிவானதில்லை. வடகாற்றில் விக்டோரியா மாநிலத்துக் காடுகள் தீப்பற்றி, தெற்கு நோக்கி நீண்ட ஒடுங்கிய நாக்குகளாகப் பரவின. மாலையில் எல்லோரும் எதிர்பார்த்த குளிர்முகப்பு வந்தது. நகரத்தில் வெப்பம் மளமளவென்று இறங்கியது. காட்டில் நடந்தது வேறு. காற்று தென்மேற்காகத் திரும்பியதும், அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த நீண்ட கிழக்கு விளிம்பு முழுவதும் ஒரேயடியாகத் தீயின் முகமாக மாறி ஊர்களை நோக்கிப் பாய்ந்தது. 173 பேர் இறந்தார்கள். 'கரும் சனி' என்று அந்த நாளை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

ஆகவே கோடையில் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'டோட்டல் ஃபயர் பேன்'. அது அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளியில் விறகுத் தீ மூட்டுவது குற்றம். தைப்பொங்கல் நடுக்கோடையில் வருகிறது. அறிவிப்பு இருந்தால், முற்றத்தில் கல் வைத்துப் பானை ஏற்றும் ஆசையை அடக்கிக்கொண்டு, பொங்கலை வீட்டுக்குள் அடுப்பிலேயே பொங்கவிட வேண்டியதுதான்.

ஏப்ரலும் அக்டோபரும்

மெல்போர்னில் ஏப்ரல், அக்டோபர் இரண்டு மாதங்களிலும் சராசரி உச்ச வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி. காகிதத்தில் இரண்டும் ஒன்று. அனுபவத்தில் இரண்டுக்கும் வெகுதூரம். மெல்போர்ன் பயணத்துக்கு எது நல்ல நேரம் என்ற கேள்வியின் முக்கால் பங்குப் பதில் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நிலம் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறும். கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். அக்டோபரில் வெயில் ஏறியதும் உள்நாட்டு நிலம் சட்டென்று காய்கிறது. கடலோ குளிர்காலத்துக் குளிரை இன்னும் விடவில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூர்மையாகிறது. உயரழுத்த மண்டலங்களின் வரிசையும் இன்னும் வடக்கிலேயே இருப்பதால், தெற்கிலிருந்து குளிர்முகப்புகள் தாராளமாக ஏறி வருகின்றன. விளைவு: காற்று, தூறல், வெயில், மறுபடி காற்று. மெல்போர்னுக்கு அதிக மழை தரும் மாதமும் அக்டோபர்தான்.

ஏப்ரலில் நிலைமை மறுபக்கம். நிலம் ஆறத் தொடங்கிவிட்டது. கடலில் கோடையின் வெதுவெதுப்பு மிச்சமிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருப்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெரிய அதிர்ச்சி இல்லை. உயரழுத்த மண்டலங்கள் தென்கரையை ஒட்டியே நகர்வதால் காற்று அடங்கி, பல நாள் தொடர்ந்து தெளிந்த வானம் கிடைக்கும். மார்ச் தொடக்கம் முதல் மே முதல் வாரம் வரை மெல்போர்ன் மிக அழகான ஊர் என்பேன். வசந்தம்தான் சிறந்தது என்ற நினைப்பில் செப்டம்பரில் மெல்போர்ன் போகிறவர்கள் பூக்களைப் பார்ப்பார்கள். ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார்கள்.

சிட்னி: மலையும் வெதுவெதுப்பான கடலும்

சிட்னியின் கதையை எழுதுவது கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். வெப்பமண்டலத்தின் பவளக்கடல் பக்கமிருந்து கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் வெந்நீர் ஓட்டம் அது. பிப்ரவரி, மார்ச்சில் சிட்னிக் கடலில் நீர் சுமார் 23 டிகிரி. அந்த நீரின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் காற்று கரையேறினால், பின்னால் நிற்கும் மலைச்சரிவுகள் அதை மேலே தள்ளுகின்றன, ஈரம் மழையாகிறது. சிட்னியில் மழை பெய்யும் நாள்களின் எண்ணிக்கை மெல்போர்னைவிடப் பெரிய அளவில் கூடுதல் இல்லை. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, அவ்வளவுதான். சிட்னியின் மிக வறண்ட மாதமான செப்டம்பரில் பெய்யும் மழையும், மெல்போர்னின் மிக ஈரமான மாதமான அக்டோபரில் பெய்யும் மழையும் ஏறக்குறைய ஒரே அளவு: இரண்டும் எழுபது மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. தூறிக்கொண்டே இருக்கும் ஊருக்கு மழை ஊர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்த மலைக் கணக்கு புரிந்திருக்கும். சிட்னிக்குத் தெற்கே, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இல்லவாரா சரிவின் தலைப்பில் இருக்கிறது அந்த ஊர். மேற்குச் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வெயிலில் கார் ஏறி, கோயிலை நெருங்கும்போது மூடுபனிக்கும் சாரலுக்கும் வைப்பரைப் போடுவது அங்கே சகஜம். கடல் ஈரம் மலையேறும் முதல் படியிலேயே பெருமாள் இருக்கிறார்.

வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி என்று தமிழர்கள் மிகுதியாக வாழும் மேற்குப் பகுதிகள் கடலிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. சிட்னியின் வெப்பம் என்று செய்தியில் சொல்வது பெரும்பாலும் துறைமுகத்தை ஒட்டிய கண்காணிப்பு நிலையத்தின் கணக்கு. கடற்காற்று மேற்கே வந்து சேர்வதற்குள் அனல் ஏறிவிடும். இன்னும் மேற்கே, மலையடிவாரத்து பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. குளிர்காலத்திலோ அதே மேற்குப் பகுதிகள் இரவில் கடலோரத்தைவிட அதிகம் குளிர்கின்றன. மகன் வீடு போன்டைக் கடற்கரையிலா, மேற்கே இருக்கும் பிளாக்டவுனிலா என்று கேட்காமல் 'சிட்னி எப்படி இருக்கும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மெல்போர்னுக்குள்ளும் இப்படி ஒரு பிளவு உண்டு. கிழக்கே டாண்டினாங் குன்றுகளில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேற்கே, ஓட்வே மலைகளின் மழைமறைவில் இருக்கும் வெரிபி, டார்னெட் பக்கம் அதில் பாதி.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சிட்னிக்கு மேற்குக் காற்று வருகிறது. நிலத்தின்மீது நெடுந்தூரம் வந்து, மலையைத் தாண்டும்போது மிச்ச ஈரத்தையும் அந்தப் பக்கமே விட்டுவிட்டு, வறண்டு கீழிறங்கும் காற்று. அதனால்தான் சிட்னியில் வசந்தத்தின் தொடக்கம் தெளிந்த நீல வானமாக இருக்கிறது. ஒரே செப்டம்பர் மெல்போர்னில் சங்கடமாகவும் சிட்னியில் சுகமாகவும் இருப்பது இந்த மலையால்.

இந்தக் கணக்கு எல்லா ஆண்டும் பிசகாமல் வராது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி குளிர்ந்து, மேற்குப் பகுதி வெம்மையாகும் கட்டத்துக்கு லா நினா என்று பெயர். அப்போது கிழக்கு ஆஸ்திரேலியாவில் மழை கூடும். அப்படித் தொடர்ந்து மூன்று முறை வந்த காலத்தில், 2022-இல் சிட்னியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்த நகரம் கண்ட மிக ஈரமான ஆண்டு அது.

மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு

இதை ஓரக்குறிப்பாக விட மனமில்லை. 2016 நவம்பர் 21 மாலை, 35 டிகிரிக்கு மேல் காய்ந்த ஒரு நாளின் முடிவில், மெல்போர்ன்மீது இடியுடன் குளிர்முகப்பு கடந்தது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

காரணம் ரை புல்லின் மகரந்தம். முழு மகரந்தத் துகள் பெரியது. மூக்கிலேயே தங்கித் தும்மலோடு போய்விடும். இடிமேகக் காற்று அதை மேலே அள்ளிச் செல்லும்போது ஈரத்தில் ஊதி வெடித்து, நுண்துகள்களாகிறது. முகப்பின் காற்று அவற்றை வாரிக் கொண்டுவந்து தரையில் இறக்குகிறது. அந்த நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும். அன்று பாதிக்கப்பட்ட பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததே இல்லை. மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் இருந்தவர்கள். இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டதைப் பிற்பாடு ஆய்வுகள் காட்டின.

இப்போது விக்டோரியாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கென்றே முன்னறிவிப்பு வெளியாகிறது. அந்த நாள்களில் இடி வரும் முன் ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே இருப்பது நல்லது. வீசிங் உள்ள பெரியவர்கள் அந்த மூன்று மாதங்களில் மெல்போர்ன் வருவதாக இருந்தால், புறப்படும் முன் மருத்துவரைக் கலந்துகொண்டு, இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு பருவங்கள்

ஐரோப்பியர்கள் வந்து நான்கு பருவங்களை ஒட்டவைப்பதற்கு வெகுகாலம் முன்பே, மெல்போர்ன் வட்டாரத்துப் பூர்வகுடிகளான குலின் மக்கள் ஆண்டை ஏழாகப் பகுத்திருந்தார்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சிக் காலம். மார்ச் விலாங்கு மீனின் காலம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வோம்பாட் விலங்கின் நீண்ட குளிர்காலம். செப்டம்பரில் ஆர்க்கிட், அக்டோபரில் தலைப்பிரட்டை, நவம்பரில் புல் பூக்கும் காலம், டிசம்பரில் கங்காரு ஆப்பிள் பழுக்கும் காலம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று மண்ணையும் மழையையும் பார்த்து ஆறாகப் பிரித்த நமக்கு இது அந்நியமாகப் படாது. நவம்பரைப் புல் பூக்கும் காலம் என்று அவர்கள் தனியாகப் பிரித்ததையும், 2016 நவம்பரில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு பருவக் காலண்டரில் அந்த மாதம் வெறுமனே வசந்தத்தின் கடைசி.

ஆக, எந்த மாதம்?

மெல்போர்ன் மட்டும் என்றால் மார்ச், ஏப்ரல். சிட்னி மட்டும் என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அடுத்தபடியாக மே, லேசான குளிரோடு. மூன்று மாதம் தங்கி இரண்டையும் பார்ப்பதென்றால், மார்ச்சில் மெல்போர்னில் தொடங்கி, குளிர் நெருங்கும்போது வடக்கே சிட்னிக்கு நகர்வது நல்லது. பனி பார்க்க ஆசைப்பட்டால் ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம். நகரங்களில் பனி பெய்யாது.

டிசம்பர், ஜனவரியில் வரத்தான் வேண்டும் என்றால் (பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பதால் பலருக்கு வேறு வழியும் இல்லை), புற ஊதாக் கதிர் அளவை தினமும் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் பூமியை அடையும் ஒளி ஜூலையைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல். குளிர்முகப்பு கடந்த மறுநாள் 21 டிகிரி என்று தொப்பியில்லாமல் நடந்தாலும் கதிர் அளவு உச்சத்திலேயே இருக்கும். அதற்கு வெப்பத்தோடு சம்பந்தமில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்களும் உண்டு. மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் ஜூனில் என்றால் அம்மா ஜூனில்தான் வந்தாக வேண்டும். அவர்களை அதிகம் வாட்டுவது வெளிக்குளிர் அல்ல. இரண்டு நகரங்களிலும் பழைய வீடுகள் பல, ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் மெல்லிய சுவரும் உள்ளவை, வீட்டுக்குள்ளேயே விறைக்கும். வருகிறவர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: வடக்குப் பார்த்த அறை. தென்பாதியில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். ஜூன் மாதம் மெல்போர்னில் நண்பகலிலும் அது அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வாக வரும் வெயில், வடக்கு ஜன்னல் வழியாக அறையின் உட்சுவர் வரை எட்டும். பத்து மணி முதல் மூன்று மணி வரை திரையை முழுவதும் விலக்கி வைத்து, பிறகு உடனே இழுத்து மூடிவிட வேண்டும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் அந்த நேரத்துக்குள், அந்த அறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.